உளுந்து என்று சுருங்கும் ஒரு பெயர்

கொற்றவநல்லூர் கிழக்குத் தெருவில் பிரகதீஸ்வரியின் மகளுக்கு ஆறரை மாதம் முடிந்திருந்தது. பிள்ளை தவழ்ந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருந்தது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. பிறப்புச் சான்றிதழில் மட்டும் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் தவறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற சான்றிதழில் பெரும்பாலும் அந்த இடம் காலியாகத்தான் வரும். ஓராண்டுக்குள் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தால் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். பெயர் ஒத்திசைவு அலகு வருகிற வரைக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த அலகு பிறந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் ஒரு வரப்புத் தகராறு. சம்மன் கொடுக்க வந்த ஊழியர், நடராசன் என்பவரைத் தேடி மூன்று நாள் அலைந்தார். டீக்கடையில் கேட்டார், பால் சொசைட்டியில் கேட்டார், கடைசியில் நடராசனிடமே கேட்டார். அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் கிடையாது என்று நடராசனே சூடம் அணைக்காத குறையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவரை நாலு வயதிலிருந்து எல்லோரும் சோடா என்றுதான் கூப்பிட்டார்கள். தன் பெயர் நடராசன் என்பது அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் நினைவுக்கு வந்தது.

விஷயம் மேலே போயிற்று. சம்மனில் சோடா என்றும் சேர்த்து எழுதியிருக்கலாமே என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. இனிமேல் பிறக்கும் குழந்தைகளை வீட்டில் அழைக்கும் பெயர், சான்றிதழிலுள்ள முழுப்பெயரின் சுருக்கமாகவே இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கைக்காக ஓர் அலகு வந்தது. அலகுக்கு ஓர் அலுவலர் வந்தார். அலுவலருக்கு ஜீப் வந்தது.

பிரகதீஸ்வரி தன் மகளை உளுந்து என்று கூப்பிட்டாள்.

அது செல்லத்துக்காக யோசித்து வைத்த பெயரில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு தரம் உண்டாகி இரண்டும் மூன்றாம் மாதத்தில் நிற்காமல் போயின. மூன்றாவது முறை ஆறாவது வாரத்தில் தஞ்சாவூருக்கு ஸ்கேனுக்குப் போனபோது, டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். உளுந்து அளவுதான் இருக்கிறது, ஆனால் துடிக்கிறது பாருங்கள் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில், ஒரத்தநாட்டுக்கு முன்னால் புதாற்றுப் பாலம் வந்தபோது, அவள் முதன்முதலாக அந்தப் பெயரை மனசுக்குள் சொன்னாள். வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது. முந்தைய இரண்டையும் அவள் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால்தான் அவை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன என்று அவளுக்குள் ஒரு எண்ணம் எப்போதோ விழுந்து, முளைத்து, வேரும் விட்டிருந்தது. அது மருத்துவமில்லை என்று அவளுக்குத் தெரியும். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். ஆனாலும் எட்டு மாதம், வாய் அசையாமல், ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிட்டாள். பிள்ளை நின்றது. பிறந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் பரணிதரனுக்கு மட்டும் பாதி தெரியும்.

முப்பதாம் நாள் பெயர் வைத்தபோது பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு. அந்த அத்தை பரணிதரனின் அக்கா குந்தவை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஸ்கூட்டியில் வந்து ஸ்கூட்டியில் போகிறவள், எதையும் நின்று யோசிக்க மாட்டாள். பரிதி என்ற பெயரைப் பரணிதரன் சொல்லியிருந்தான். குந்தவை பிள்ளையின் காதருகே குனிந்தவள் ஒரு கணம் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உளுந்து, உளுந்து, உளுந்து என்று சொல்லிவிட்டு, பரிதியைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள். அந்த ஒன்றுக்காகவே பிரகதீஸ்வரி அவளுடைய மற்ற பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

பெயர் ஒத்திசைவு அலகு பழைய உரக் கிடங்கின் மாடியில் இருந்தது. வாசலில் ஒரு பலகை. இங்கு யாரும் பெயர் சொல்லி அழைக்கப்பட மாட்டார்கள், வரிசை எண்ணால் மட்டுமே அழைக்கப்படுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பிரகதீஸ்வரி பதினாலு. பதினாலு என்று கூப்பிட்டதும் பிள்ளையோடும் குந்தவையோடும் உள்ளே போனாள்.

இளநிலை உதவியாளர் செம்மொழி படிவத்தைக் கொடுத்தாள். அழைப்பெயர் எது, யார் யார் அழைப்பார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, கோபத்தில் அழைக்கும் பெயர் வேறாக இருந்தால் அதைத் தனித்தாளில் இணைக்கவும், சுருக்கும் முறையைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும். பிரகதீஸ்வரி முழுப்பெயர் பரிதி என்றும் அழைப்பெயர் உளுந்து என்றும் எழுதினாள். படம் வரையும் இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கோடு போட்டாள்.

பெயர் ஒத்திசைவு அலுவலர் பஞ்சநதம் படிவத்தைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வறுத்த வேர்க்கடலை இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

"பரிதியிலேர்ந்து உளுந்துக்கு எப்படிம்மா போவீங்க? எனக்கு வழியச் சொல்லுங்க, நானும் வர்றேன்" என்றார்.

அது அப்படியே வந்துவிட்ட பெயர் என்றாள் பிரகதீஸ்வரி.

"அப்படியே வர்றதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. எல்லாத்துக்கும் ஒரு மூலம் இருக்கணும். இப்ப எம் பேரு பஞ்சநதம். வீட்டுல பஞ்சு. எங்கயாச்சும் இடிக்குதா? ஒழுங்கா இருக்கில்ல? நான் மக்களுக்காகத்தான் சொல்றேன். பேரு கவர்மெண்டோடது. கூப்புடுறது மட்டுந்தான் ஒங்க கையில இருந்துச்சு. அந்தச் சிரமமும் ஒங்களுக்கு வேணாம்னு இப்ப நாங்களே பாத்துக்கறோம்."

குந்தவை, அந்தச் சிரமத்தைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லையே என்றாள். புகார் வருவதற்கு முன்பே தீர்ப்பதுதான் நல்ல நிர்வாகம் என்றார் பஞ்சநதம். இரண்டு வழி இருப்பதாகவும் சொன்னார். உளுந்து என்று சுருங்கக்கூடிய ஒரு முழுப்பெயரைக் கொண்டு வரலாம். அல்லது உளுந்தைக் கைவிட்டுவிட்டோம், இனி வீட்டிலும் கொல்லையிலும் வயலிலும் அவ்வாறு அழைக்க மாட்டோம் என்று குடும்பத்தார் எல்லோரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போடலாம். இரண்டாவது சுலபம், அன்றைக்கே முடிந்துவிடும்.

கையெழுத்துப் போடுகிற இடத்தைச் செம்மொழி விரலால் காட்டினாள். பிரகதீஸ்வரி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். முழுப்பெயரைக் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

உளுந்து என்று சுருங்கும் பெயர் தமிழில் இல்லை. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பரணிதரன் வீடியோவில் வந்து, தன் அறையில் இருக்கும் மூன்று மலையாளிகளையும் கேட்டுப் பார்த்துவிட்டான். அவர்கள் பாஷையிலும் இல்லை. குந்தவை கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தானே செய்ய ஆரம்பித்தாள். உளுந்தழகி. உளுந்தாம்பிகை. உளுந்தரசி. உளுந்தொளி.

"பள்ளிக்கூடத்துல இவள சட்னின்னு கூப்புடுவானுங்க, பிரகதி. நான் வாத்தியாரா இருந்து சொல்றேன்" என்றாள் குந்தவை.

பிரகதீஸ்வரி அன்றைக்கு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு சொல் வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் ஒரு கேலியைச் சுமக்க வேண்டுமா? ஒவ்வொரு பரீட்சைத் தாளிலும், கல்யாணப் பத்திரிகையிலும், ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதை எழுத வேண்டும். பரிதி எவ்வளவு லட்சணமான பெயர். விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியது. உளுந்து என்றாள், தன்னை அறியாமல். சிணுங்கல் நின்றது. அந்த ஒரு நிமிஷத்தை எந்தத் தாளில் எழுதி யாரிடம் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் உளுந்தரசி என்று எழுதிக் கொடுத்தாள்.

பஞ்சநதம் மகிழ்ச்சி அடைந்தார். ஒத்துழைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று செம்மொழியிடம் சொன்னார். பிறகு சுற்றறிக்கையின் இணைப்பைப் புரட்டி, தானியம், பயறு, எண்ணெய் வித்து ஆகியவற்றின் பெயர் கலந்திருந்தால் அது அரசு வெளியிட்ட ரகம் எதனோடும் குழம்பாது என்று வேளாண் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்றார்.

வேளாண் விரிவாக்க மையத்தில் உதவி அலுவலர் ஷமீரா விதைப் பரிசோதனைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்கென்று தனியாக ஒரு படிவம் வரவில்லை, இதைத்தான் நிரப்பச் சொல்கிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னாள். ரகம் என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதினாள். ஈரப்பதம் என்ற இடத்துக்கு வந்ததும் பிள்ளையின் ஜட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதிகம் என்று எழுதினாள். முளைப்புத்திறனுக்கு இரண்டு பல்லைப் பார்த்துவிட்டு நன்று என்று போட்டாள். மஞ்சள் நோய் உண்டா என்ற கேள்விக்கு, பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை இருந்தது, லைட்டில் வைத்தார்கள் என்று பிரகதீஸ்வரி உண்மையைச் சொன்னாள்.

"அத வெளிய சொல்லாதீங்கக்கா. வயலையே அழிக்கச் சொல்லுவாங்க" என்றாள் ஷமீரா, தலையைத் தூக்காமல்.

சான்று கிடைத்ததும் அறிவிப்பு ஒட்டினார்கள். ரேஷன் கடைச் சுவரில், சர்க்கரை வந்துவிட்டது என்ற தாளுக்கும் மண்ணெண்ணெய் வரவில்லை என்ற தாளுக்கும் நடுவில் அது இருந்தது. மேற்படி குழந்தையை மேற்படி பெயரால் அழைப்பதில் ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம். பிரகதீஸ்வரி அரிசி வாங்கப் போனபோது மூன்று பேர் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தன் ரவிக்கைக்குள் இருந்த ஏதோ ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

ஒரே ஓர் ஆட்சேபணை வந்தது. எதிர்வீட்டுச் சாமிதுரை கொடுத்தது. அவரே வந்து அதைச் சொல்லிவிட்டு, காப்பியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"புள்ள மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. ரோட்டுக்கு ஆட்சேபணை குடுத்தேன். செல்போன் கோபுரத்துக்குக் குடுத்தேன். வாய்க்கா தூர்வார்றதுக்கும் குடுத்தேன். இதுக்கு மட்டும் குடுக்கலன்னா சாமிதுரை போய்ச் சேந்துட்டான்னு நெனச்சுக்குவாங்க."

ஆட்சேபணை வந்துவிட்டதால் கள ஆய்வு கட்டாயமாயிற்று. அலுவலர் நேரில் வந்து பத்தடி தூரத்தில் நின்று மூன்று முறை அழைப்பார். பிள்ளை இரண்டு முறையாவது திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் பெயர் பிள்ளையுடையது. பால், பிஸ்கட், கிலுகிலுப்பை காட்டக் கூடாது. தாய் அழைக்கக் கூடாது. அறிவிப்பைச் செம்மொழி கொண்டுவந்து கொடுத்தபோது ஆய்வுக்குப் பதினாலு நாள் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்குத் தயார் செய்து பழகிய குந்தவைக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. பழக்கம் கொடுத்தால் போதும் என்றாள். காலையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது ஒரு தரம், புறப்படும்போது ஒரு தரம். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். பால்காரர் கூப்பிட்டார். நடவு ஆட்கள் வண்டியில் போகும்போது கூட்டமாகக் கூப்பிட்டார்கள். ஆட்சேபணை கொடுத்த சாமிதுரையும் தன் வீட்டு வாசலிலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வேளைக்கு இரண்டு தரம் உளுந்து என்று கூப்பிட்டார். இந்த ஒரு விஷயத்தில் தான் யாருக்கும் குறைந்தவனில்லை என்று காட்ட வேண்டியிருந்தது அவருக்கு.

முதல் நாலு நாள் பிள்ளை ஒவ்வொரு முறையும் திரும்பிச் சிரித்தது. திரும்பியதும் எல்லோரும், சரி, திரும்புது என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஏழாம் நாள் திரும்புவதற்கு நேரம் எடுத்தது. பத்தாம் நாள் திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று சத்தத்தைக் கூட்டினார்கள்.

பதினோராம் நாள் பிரகதீஸ்வரி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். வழக்கமான குரலில், வழக்கமான நேரத்தில். பிள்ளை கூடத்துத் தரையில் ஒரு கொட்டாங்குச்சியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே சுழற்றியது.

அவள் அடுப்பை அணைத்தாள். கூப்பிட்டால் ஏதாவது வர வேண்டும். மடி வர வேண்டும், பால் வர வேண்டும், ஒரு முத்தமாவது வர வேண்டும். பத்து நாளாக அந்தப் பெயரின் பின்னால் ஒன்றும் வரவில்லை. பிள்ளை அதைத் தெரிந்துகொண்டுவிட்டது. பயிற்சி வேண்டாம், நிறுத்துங்கள் என்று தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பதினாலு நாள் சொல்லியிருக்கிறார்களே, நடுவில் நிறுத்தினால் எப்படி என்று பால்காரர் கேட்டார்.

ஆய்வு நாளன்று ஜீப் பதினொரு மணிக்கு வந்தது. பஞ்சநதம் இறங்கினார். செம்மொழி நாடாவும் பதிவேடும் கொண்டுவந்தாள். தெருவே கூடியிருந்தது. வாங்க சார் என்றார்கள். நாற்காலி போடுங்க சாருக்கு என்றார்கள். மோர் சாப்பிடுறீங்களா சார் என்று கேட்டார்கள். முற்றத்தில் பாய் விரித்துப் பிள்ளையை உட்கார வைத்து, பத்தடி அளந்து, சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். பிரகதீஸ்வரியை வாழைமரத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள்.

பஞ்சநதம் கோட்டில் நின்று உளுந்தரசி என்று அழைத்தார். பிள்ளை பாயின் ஓலையைப் பிய்த்தது. உளுந்து என்று அழைத்தார். ஓலையை வாயில் வைத்தது.

"சார், நிழலுக்கு வந்துருங்க சார்" என்றாள் செம்மொழி.

பிள்ளை திரும்பி அவளைப் பார்த்தது.

பஞ்சநதம் மூன்றாவது முறையாக உளுந்து என்றார். பிள்ளை திரும்பவில்லை. மூணு முடிஞ்சிருச்சு சார் என்றார் டிரைவர். பிள்ளை டிரைவரைப் பார்த்துச் சிரித்தது. சார், இது செல்லாது சார் என்றாள் குந்தவை. பிள்ளை குந்தவையைப் பார்த்தது. சார் என்று சொல்கிறவர்களெல்லாம் நிஜமாகவே எதையோ கெஞ்சிக் கேட்டார்கள், அது பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். செம்மொழி ஒவ்வொன்றையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டாள்.

பஞ்சநதம் நாற்காலியில் உட்கார்ந்து மோரை வாங்கியபோது அவருடைய கைப்பேசி ஒலித்தது. கையில் மோர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏய் சோத்துமூட்டை, வர்றப்ப கருவேப்பிலை வாங்கிட்டு வா" என்றது ஒரு பெண் குரல், மிகுந்த அன்போடு.

அதையும் எழுதட்டுமா என்று செம்மொழி கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் எழுத வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

"அதெல்லாம் வீட்டு விஷயம்மா" என்றார் பஞ்சநதம். "வீட்டு விஷயத்துல போய் யாராச்சும் தலையிடுவாங்களா?"

இருபது நாள் கழித்து ஆணை வந்தது. கள ஆய்வின்போது குழந்தை உளுந்து என்ற அழைப்புக்கு ஒருமுறைகூடத் திரும்பாததாலும், சார் என்ற அழைப்புக்கு மும்முறை திரும்பியதாலும், குழந்தையின் இயல்பான அழைப்பெயர் சார் எனத் தீர்மானிக்கப்படுகிறது. சார் எனச் சுருங்கும் முழுப்பெயராகச் சாருமதி தற்காலிகமாக ஒதுக்கப்படுகிறது. இரண்டு மாதம் கழித்து அங்கன்வாடிப் பணியாளர் நேரில் சரிபார்த்ததும் நிரந்தரமாகும். கீழே உறுதிமொழி. குந்தவை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாள். போடாவிட்டால் பெயர் ஏறாது, பெயர் ஏறாவிட்டால் பாஸ்போர்ட் கிடையாது, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் பரணிதரன் அடுத்த வருஷம் பிள்ளையை அழைத்துப் போக முடியாது என்று செம்மொழி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பிரகதீஸ்வரி போட்டாள். அவள் போட்டதைப் பார்த்துவிட்டுக் குந்தவையும் போட்டாள். பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் பிள்ளையைச் சார் என்று கூப்பிடுவது எப்படி என்று முதலில் தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. அதுதான் பிரகதீஸ்வரியைப் பயமுறுத்தியது. சார் என்று ஆரம்பித்தால் மீதிப் பேச்சு தானாகவே அந்த வழியில் போயிற்று. சார், மண்ணத் திங்காதீங்க. சார், இந்த ஒரு வாய் மட்டும் வாங்கிக்குங்க. சார், அம்மாக்குத் தூக்கம் வருது, கொஞ்சம் தயவு பண்ணுங்க. வாடி, போடி என்று சொல்லிப் பிள்ளையின் வயிற்றில் மூக்கை வைத்துத் தேய்த்த நாட்கள் இருந்தன. மரியாதை வந்ததும் மூக்கு அங்கே போகத் தயங்கியது. தன் பிள்ளையிடம் தான் மனுக் கொடுத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அது பெரிய வேடிக்கை. காலையில் வணக்கம் சார் என்று சொல்லாமல் ஒருவரும் அந்த வீட்டைக் கடக்கவில்லை. சாமிதுரை சல்யூட் வைத்தார். ஒரு மாதத்தில் பிள்ளை அதற்கும் திரும்புவதை விட்டுவிட்டது.

உளுந்து என்று அவள் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தாள். கையெழுத்தை மீறலாம் என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கூப்பிட்டு, பிள்ளை திரும்பாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அதனால் பழையபடி வாய் அசையாமல், உள்ளே மட்டும் கூப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது, கொடியில் துணி போடும்போது. வயிற்றில் இருந்தவரைக்கும் அது பிள்ளைக்கு எட்டியது. இப்போது நடுவில் காற்று இருந்தது.

இரண்டு மாதம் முடிந்து அங்கன்வாடி ஈஸ்வரி சரிபார்க்க வந்தாள். பிள்ளைகளின் எடையைக் கிராம் சுத்தமாக எழுதுகிறவள் என்று பெயரெடுத்தவள் அவள். பார்த்ததைத்தான் எழுதுவாள், கேட்டதைத்தான் எழுதுவாள். பிள்ளை முற்றத்தில் சுவரைப் பிடித்து நின்று, எறும்பு வரிசை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரி சார் என்று கூப்பிட்டாள். அசையவில்லை. குந்தவை கூப்பிட்டாள், எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற குரலில். சாமிதுரை வாசலில் நின்று கூப்பிட்டார். சாருமதி என்றும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சார், சார், சார் என்று முற்றம் முழுக்க ஒரே சத்தமாக இருந்தது.

பிரகதீஸ்வரி கொடியருகே ஈரத்துணியோடு நின்றாள். அவளால் கூப்பிட முடியவில்லை. எதைக் கூப்பிட்டாலும் ஒன்று குற்றமாகும், இன்னொன்று பொய்யாகும். உள்ளே மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை சுவரை விட்டுவிட்டு மெல்லத் திரும்பியது. கத்திக்கொண்டிருந்த மூன்று பேரையும் தாண்டி அவளைப் பார்த்தது. கத்தாமல் நின்ற ஒரே ஆள் அவள் என்பதாலோ என்னவோ. பொத்தென்று உட்கார்ந்து, தவழ்ந்து, சேறான இடத்தில் கை வைத்து, அவள் காலடிக்கு வந்து சேர்ந்தது.

ஈஸ்வரிக்கு ஆச்சரியம். "என்ன சொல்லிக் கூப்ட்டீங்க, பிரகதி?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் பிரகதீஸ்வரி. அது உண்மைதான்.

ஈஸ்வரி அதை எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆணை தபாலில் வந்தது. அப்போது பிள்ளைக்கு ஒரு வயது முடிய மூன்று வாரம் இருந்தது. உச்சி வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து அவள் அதைப் பிரித்தாள். குழந்தை சார் என்ற அழைப்புக்குத் திரும்பவில்லை என்பதும், ஒன்றுமில்லை என்ற அழைப்புக்குத் திரும்பி, தவழ்ந்து வந்து சேர்ந்தது என்பதும் நேரடிச் சரிபார்ப்பில் ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகியுள்ளதால், சாருமதி என்ற முந்தைய ஒதுக்கீடு இரத்து செய்யப்படுகிறது. ஒன்றுமில்லை எனச் சுருங்கும் முழுப்பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும். தவறினால் பெயர்க் கலம் காலியாகவே நிலைநிறுத்தப்படும். இவ்வாணையின் மூலப்பிரதியைப் பதிலுடன் இணைக்கவும்.

பரணிதரன் போனில் முதலில் சிரித்தான். பிறகு இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். குந்தவை சாயங்காலமே அந்த உரக் கிடங்கு மாடியில் போய்ச் சண்டை போடுவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். போனால் அவளுக்கும் ஒரு எண் கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

பிரகதீஸ்வரி இன்னொரு முறை படித்தாள். ஒன்றுமில்லை என்று சுருங்கும் பெயர். அப்படிப்பட்ட பெயர் அவளுக்கு இரண்டு தெரியும். மூன்றாம் மாதத்தில் போன இரண்டுக்கும், கூப்பிடாமலே, அவள்தான் அவற்றை வைத்திருந்தாள்.

பிள்ளை அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, காகிதத்தின் ஓரத்தை எட்டிப் பிடித்து வாயில் வைத்தது. நன்றாகக் கடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டாள். மூலப்பிரதியை இணைக்க வேண்டும் என்று போட்டிருந்தது நினைவுக்கு வந்ததும், சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, காகிதத்தை வாங்கி, முந்தானையில் எச்சிலைத் துடைத்து, தொடைமேல் வைத்து நீவிவிட்டாள்.

விண்ணப்பதாரர் கையொப்பம் என்று போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பல் பதிந்திருந்தது.